மீண்டும் கேட்கும் வினாவும் சலியாத விடையும்

கேட்டதையே கேட்பதும் சொன்னதையே சொல்வதும் ஒரு சமூகம் உயிரோடு இருப்பதற்கு அடையாளம் என்பது என் கட்சி. இதைச் சொன்னால் நம் சங்கத்துப் பழைய அங்கத்தினர் சிலர் சிரிக்கிறார்கள். "நீங்க சொல்வீங்க நயினார். ஞாயிற்றுக்கிழமை அந்த மேசையில ஒரு மாசம் உட்கார்ந்து பாருங்க. அதே ஏழு கேள்வி, அதே ஏழு பதில். வாய் வலிக்குது" என்கிறார்கள். வாய் வலிப்பது உண்மைதான். நானும் அந்த மேசையில் உட்கார்ந்தவன். ஆனால் வலிக்கிறது என்பதற்காக விடை சொல்லும் முறையை விட்டுவிடலாமா என்பதே கேள்வி.

நான் பள்ளி இறுதி வகுப்புக்கு மேல் படித்தவனல்லன். பாத்திர வியாபாரி. 1979-இல் பம்பாய்க்கு வந்து, மாட்டுங்காவில் கடை வைத்து, கடை மூடிய பிறகு நன்னூலையும் சிந்தாமணியையும் தட்டுத் தடுமாறிப் படித்தவன். இந்த விஷயத்தில் நம் பழைய நூல்கள் என்ன சொல்லுகின்றன என்று பார்த்தபோது, வினாவுக்கும் விடைக்கும் நம்மவர் எவ்வளவு நுட்பமாக முறை வகுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். புலவர்கள் பொறுத்தருள்க.

1. வினா பழையது, கேட்பவர் புதியவர்

வாழ்நாள் முழுக்க என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்று உண்டு. நம் தமிழன்பர்கள் கேட்பது இப்படி: "நீங்க ஜைனரா? அப்போ சேட்டா? தமிழ் இவ்வளவு நல்லாப் பேசறீங்களே!" இங்குள்ள குஜராத்தி, மார்வாடி அன்பர்கள் கேட்பது: "மதராசிகளில் ஜைனர்கள் உண்டா என்ன?" இரண்டும் ஒரே கேள்வியின் இரண்டு முகம். நாற்பத்தைந்து வருஷத்தில் எத்தனை தடவை கேட்டிருப்பார்கள் என்று கணக்கு இல்லை.

சொல்ல வேண்டிய விடையும் ஒன்றுதான். நாங்கள் வடக்கிலிருந்து கடை வைக்க வந்தவர்கள் அல்லர்; வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி, ஆரணிப் பக்கத்துக் கிராமங்களில் நிலத்தோடு இருந்த தமிழர்கள். திகம்பர மரபினர். விழுப்புரம் மாவட்டத்து மேல்சித்தாமூரில் எங்கள் மடம் இருக்கிறது. மதுரைக்கு அருகே மாங்குளம் குகைகளில் சமணத் துறவியருக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தி தமிழ் பிராமி எழுத்தில் இருக்கிறது, அது கி.மு. 2-ஆம் நூற்றாண்டு என்பது ஐராவதம் மகாதேவன் கணிப்பு. நன்னூல் தந்த பவணந்தி முனிவரும் சிந்தாமணி தந்த திருத்தக்க தேவரும் எங்கள் சமயத்தார்.

இந்த விடை எனக்குப் பழசு, சலித்துப்போன சரக்கு. ஆனால் கேட்கிற பையன் இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கிறான். அவனுக்கு முன்னால் ஆயிரம் பேர் கேட்டுவிட்டார்கள் என்பது அவன் குற்றமா? அந்த ஆயிரம் பேரும் என்னிடத்தில் கேட்டார்கள், அவனிடத்தில் கேட்கவில்லை. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி எரிச்சல் போய்விடும். வினா திரும்ப வரலாம். வினவுபவர் திரும்ப வருவதில்லை, புதிதாக வருகிறார்.

2. மூன்று முறை கேட்பது இலக்கணம்

சரி, கேட்டவரே திரும்பத் திரும்பக் கேட்டால்? "போன வாரம்தானே சொன்னேன்" என்று முகம் சுளிக்கிறோம். நன்னூல் பொதுப்பாயிரத்தில் மாணாக்கன் பாடங்கேட்கும் முறையைச் சொல்லுகிற இடத்தில் பவணந்தியார் வேறு மாதிரி சொல்லுகிறார். ஒரு பொருளை இரண்டாம் முறை கேட்பவனுக்கு நூலில் பிழை மிகுதியாக வராது. மூன்றாம் முறை கேட்பவன் பிறருக்கு எடுத்துச் சொல்லும் முறையை அறிவான். இது அந்தச் சூத்திரங்களின் கருத்து. ஆக, மறுபடி கேட்பது மந்தபுத்திக்கு அடையாளம் அல்ல. கற்கும் முறையில் அது ஒரு படி.

அங்கேயே இன்னொரு கணக்கும் இருக்கிறது. வியாபாரியாகிய எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. ஆசிரியர் சொன்னதை ஒழுங்காகக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குக் கால் பங்கு அறிவுதான் கிடைக்கும். உடன் படிப்பவரோடு பழகுவதில் இன்னொரு கால் பங்கு. மீதி அரைப் பங்கு பிறருக்குச் செம்மையாக எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேரும். யோசித்துப் பாருங்கள்: கேட்பவருக்குக் கால், சொல்பவருக்கு அரை! அதே கேள்வியைப் பத்துப் பேர் கேட்டால் லாபம் யாருக்கு? மாங்குளத்துக் கல்வெட்டைப் பற்றி நான் படித்ததே, "எத்தனை வருஷமா இருக்கீங்க?" என்று வாடிக்கையாளர்கள் ஓயாமல் கேட்டதனால்தான்.

சமண நூல்களும் இதற்கு ஒத்து வருகின்றன. உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் அகத்தவம் ஆறு என்று வரும். அதில் ஒன்று சுவாத்தியாயம், அதாவது நூற்பயிற்சி. அது ஐந்து வகை: படித்தல், வினவுதல், சிந்தித்தல், திரும்பத் திரும்ப ஓதுதல், பிறருக்கு உரைத்தல். வினவுதலும், திரும்ப ஓதுதலும், உரைத்தலும் மூன்றும் தவம்! உண்ணாநோன்பு இருப்பதைப் போல, சலிக்காமல் விடை சொல்வதும் தவத்தில் சேர்த்தி. ஐயம் தீரவும் தெளிந்ததை உறுதிப்படுத்திக் கொள்ளவும் கேட்பதே அந்த வினவுதல் என்பது உரைகாரர் விளக்கம். தெளிந்த பிறகும் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ளலாம் என்பதைக் கவனிக்கவும்.

3. வினா ஆறு வகை

விடை சொல்லுமுன் வினாவைத் தரம் பார்க்க வேண்டும். நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது. தனக்குத் தெரிந்ததைப் பிறருக்குத் தெரியுமா என்று கேட்பது அறிவினா. தெரியாமல் கேட்பது அறியாவினா. இதுவா அதுவா என்று கேட்பது ஐயவினா. "பருப்பு இருக்கிறதா?" என்று கடையில் வாங்குவதற்காகக் கேட்பது கொளல் வினா. "உனக்குத் துணி இல்லையா?" என்று கொடுப்பதற்காகக் கேட்பது கொடை வினா. "சாப்பிட்டாயா?" என்று ஒரு காரியத்தில் ஏவுவதற்குக் கேட்பது ஏவல் வினா.

மேசையில் வருகிற ஒரே மாதிரிக் கேள்விகள் மேலுக்கு ஒன்றாக இருந்தாலும் உள்ளே வகை வேறு. "இங்கே பக்கத்தில் தமிழ் தெரிந்த டாக்டர் இருக்காரா?" என்று மூன்று பேர் கேட்கலாம். ஒருவர் முகவரி தெரியாமல் கேட்கிறார். ஒருவர் இரண்டு பேரில் யார் நல்லவர் என்ற ஐயத்தில் கேட்கிறார். மூன்றாமவர் வீட்டில் தாயார் படுக்கையில் இருக்க, மராத்தியும் இந்தியும் தெரியாமல், கூட ஓர் ஆள் வர மாட்டாரா என்று கேட்கிறார். அது சொல்லில் அறியாவினா, பொருளில் கொளல் வினா. அவர் கொள்ள வந்தது துணையை. மூவருக்கும் ஒரே சீட்டை நீட்டினால் மூன்றாமவருக்கு நாம் விடையே சொல்லவில்லை என்று அர்த்தம்.

இதில் மிகவும் கடுமையானது துக்க வீட்டுக் கேள்வி. "உடலை ஊருக்கு எடுத்துப் போக என்ன செய்யணும்?" சொல்லுகிறோம்: மருத்துவர் தரும் இறப்புச் சான்று, காவல் நிலையத்தின் ஆட்சேபமில்லைக் கடிதம், விமானம் என்றால் உடலைப் பதப்படுத்தியதற்குச் சான்று. ஐந்து நிமிஷம் கழித்து அவரே மறுபடி, "என்ன செய்யணும்?" என்கிறார். காதில் விழவில்லை என்று பொருளல்ல, மனத்தில் நிற்கவில்லை. அங்கே மூன்றாம் தடவை சொல்வதைவிட, செருப்பைப் போட்டுக்கொண்டு அவரோடு காவல் நிலையத்துக்குக் கிளம்புவதுதான் விடை.

அறிவினாவையும் அடையாளம் காண வேண்டும். தெரிந்துகொண்டே சபையில் மடக்குவதற்குக் கேட்பவர்கள் உண்டு. "ஆமாம், வேரில் உயிர் இருக்குன்னு கிழங்கு சாப்பிட மாட்டீங்க, கீரையில் மட்டும் உயிர் இல்லையா?" என்று வருஷா வருஷம் ஒரே ஆள் கேட்பார். அவருக்கு ஒரு தடவை ஒழுங்காகச் சொன்னால் போதும். பிறகு சிரித்து வைக்கலாம்.

4. விடை எட்டு, அதில் இல்லாதது ஒன்று

நன்னூல் விடையை எட்டாக வகுக்கிறது: சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. வழி எது என்றால் இது என்று காட்டுவது சுட்டு. மாட்டேன் என்பது மறை. சரி என்பது நேர். இந்த மூன்றும் நேரடி விடை. மற்ற ஐந்தும் சுற்றிச் சொல்வது. "நீயே செய்" என்பது ஏவல், "செய்யாமல் இருப்பேனா?" என்பது எதிர்வினா, "கால் வலிக்கிறது" என்பது உற்றது உரைத்தல், "கால் வலிக்கும்" என்பது உறுவது கூறல், ஒன்று கேட்க அதற்கு இனமான வேறொன்றைச் சொல்வது இனமொழி. சுற்றிச் சொன்னாலும் கேட்டவருக்குப் பொருள் விளங்குவதால் அவையும் விடையாகின்றன.

இந்த எட்டையும் நான் பல தடவை விரல் விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறேன். "இதை ஏற்கெனவே சொல்லியாச்சு" என்பது அந்த எட்டில் எதிலும் அடங்கவில்லை. ஏனென்றால் அதைக் கேட்டவருக்கு ஒரு பொருளும் விளங்குவதில்லை. தான் தாமதமாக வந்தவன் என்பது மட்டும் விளங்குகிறது.

பௌத்த காப்பியமாகிய மணிமேகலையில் விடை நான்கு என்று வேறொரு பகுப்பு இருக்கிறது: துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய் வாளாமை. பௌத்தர்கள் அந்நாளில் எங்களுக்கு வாதத்தில் எதிரணி. நல்ல சரக்கு எந்தக் கடையில் இருந்தால் என்ன, வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஒரே வார்த்தையில் உறுதியாகச் சொல்லலாம். கேள்வியைக் கூறுபோட்டு, "இப்படியானால் இது, அப்படியானால் அது" என்று சொல்லலாம். திருப்பிக் கேட்டுத் தெளிவிக்கலாம். ஆகாயத்தில் பூத்த பூ பழையதா புதியதா என்பது போன்ற கேள்விக்குப் பேசாமல் இருக்கலாம்.

பழகிய கேள்வியில்தான் நாம் இவற்றைக் குழப்பிக்கொள்கிறோம். கூறிட்டுச் சொல்ல வேண்டியதற்கு, சலிப்பினால், ஒரே வார்த்தையில் துணிந்து சொல்லிவிடுகிறோம்.

என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம். கடைக்கு வரும் பத்துப் பேரில் நாலு பேர் கையில் காந்தம் கொண்டுவருவார்கள். "காந்தம் ஒட்டினா அது நல்ல எவர்சில்வர் இல்லைதானே?" தினமும் வரும் கேள்வி. "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அது சரியான விடை இல்லை. நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் கலந்த 304 என்ற ரகத்தில் காந்தம் பொதுவாக ஒட்டாது. ஆனால் அதையே அடித்து வளைத்த விளிம்பில் லேசாக ஒட்டலாம். நிக்கல் அநேகமாக இல்லாத 430 ரகத்தில் நன்றாக ஒட்டும், அதுவும் எவர்சில்வர்தான். இண்டக்ஷன் அடுப்புக்கு அடியில் அந்த மாதிரி காந்தம் பிடிக்கிற தகடுதான் வேண்டும். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 200 வரிசை மலிவு ரகத்திலும் காந்தம் ஒட்டாது. ஆனால் உப்பும் புளியும் தாங்குவதில் அது 304-க்குச் சமமில்லை. ஆகவே நான் முதலில் கேட்பது: "எதுக்கும்மா பாத்திரம்? ஊறுகாய் போடவா, அடுப்பில் வைக்கவா?" வினா எதிர் வினாவி, பிறகு கூறிட்டு மொழிகிறேன். இரண்டு நிமிஷம் கூட ஆகும். அந்த அம்மாள் அடுத்த தடவை இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார்.

பாத்திரம் போனால் ஐந்நூறு ரூபாயோடு போகும். சங்க மேசையில் நஷ்டம் பெரிது. "ஊரில் வாங்கிய பட்டியல் சாதிச் சான்று இங்கே செல்லுமா?" என்பது தாராவித் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்கும் கேள்வி. "செல்லும்" என்றாலும் தப்பு, "செல்லாது" என்றாலும் தப்பு. வேறு மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்தவர் வந்த மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் மத்திய அரசின் சலுகைகளுக்கும் சொந்த மாநிலத்தின் சலுகைகளுக்கும் உரிமை போய்விடுவதில்லை. குடும்பம் 1950-க்கு முன்பே இங்கு குடியிருந்தது என்று காட்ட முடிந்தால் விஷயம் வேறு. எந்த வேலைக்கு, எந்தக் கல்லூரிக்கு, தாத்தா எப்போது வந்தார் என்று கேட்காமல் சொல்லும் விடை ஒரு பிள்ளையின் படிப்பையே திசை மாற்றிவிடும். ஆயிரமாவது தடவையாகக் கேட்கப்பட்டாலும் இந்தக் கேள்விக்கு முதல் தடவை போலத்தான் காது கொடுக்க வேண்டும்.

5. சொல்லத் தகாதவர் நால்வர்

நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் என்று உவமை சொன்ன பவணந்தியார், ஆசிரியராகத் தகாதவருக்கும் நான்கு உவமை சொல்லியிருக்கிறார். நம் மேசையில் இருந்துகொண்டு படித்தால் சிரிப்பு வரும். கொஞ்சம் சுருக்கென்றும் இருக்கும்.

கழற்சிக்காய் பெய்த குடம்: போட்ட வரிசையில் காய் வெளியே வராது. கேட்டது ரேஷன் கார்டு. சொல்வது கேஸ் இணைப்பில் தொடங்கி, வாடகை ஒப்பந்தத்தில் நுழைந்து, தான் 1982-இல் பட்ட கஷ்டத்தில் முடியும்.

மடற்பனை: கருக்கு மட்டை சுற்றி நிற்கும், ஏறிப் பறிக்க முடியாது. பழம் தானாக விழுந்தால் உண்டு. நிறையத் தெரிந்தவர்; ஆனால் கேட்டால் சொல்ல மாட்டார்; தமக்குத் தோன்றும்போது தாமே சொல்லுவார்.

பருத்திக் குண்டிகை: பஞ்சு அடைத்த குடுவை. பிய்த்துப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். "என்ன சான்று வேணும்?" "முகவரிச் சான்று." "அதுக்கு என்ன வேணும்?" "மின்சார பில்." "வாடகை வீடாச்சே?" "அப்போ ஒப்பந்தம்." ஒரே மூச்சில் சொல்லக்கூடாதா?

முடத்தெங்கு: ஒருவர் தண்ணீர் ஊற்ற, வேலி தாண்டிச் சாய்ந்து அடுத்த வீட்டில் காய் போடும் தென்னை. கும்பிட்டுக் கேட்கும் எளியவரை விட்டுவிட்டு, காரில் வந்தவருக்கு விழுந்து விழுந்து சொல்லுகிறவர்.

இவர்களோடு ஐந்தாவதாக ஒருவரை நான் சேர்த்துக்கொள்கிறேன். பழைய விடையையே பாராமல் ஒப்பிக்கிறவர். கேள்வி மாறவில்லை என்பதால் விடையும் மாறவில்லை என்று நினைக்கிறவர். ஊர் ரேஷன் கார்டை ஒப்படைத்துவிட்டு இங்கே புதிது எடுத்தால்தான் அரிசி கிடைக்கும் என்பது ஒரு காலத்தில் சரியான விடை. "ஒரே நாடு, ஒரே ரேஷன் கார்டு" திட்டம் 2019-இல் தொடங்கி, 2022-க்குள் எல்லா மாநிலங்களுக்கும் வந்துவிட்டது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் கார்டுக்கு மத்திய அரசின் தானியத்தை இங்கேயே வாங்கலாம். கிளி மாதிரி பழசைச் சொன்னால் ஓர் ஏழையின் கார்டு அநியாயமாகப் போகும். நன்னூல் மாணாக்கரில் கிளிக்கு இடைநிலை கொடுத்திருக்கிறது. விடை சொல்பவர் கிளியாக இருந்தால் கடைநிலைதான்.

6. கும்பகோணத்தில் நடந்தது

சலியாத விடையால் என்ன விளையும் என்பதற்குத் தமிழ் உலகம் மறக்க முடியாத சாட்சி ஒன்று உண்டு.

1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழ் ஆசிரியராகச் சேர்ந்த உ.வே. சாமிநாதையருக்கு வயது இருபத்தைந்து. அவ்வூரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், என்ன படித்தீர் என்று கேட்க, ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்க, "இதெல்லாம் படித்து என்ன பிரயோசனம்? சிந்தாமணி படித்திருக்கிறீரா?" என்ற பொருளில் அவர் கேட்டது பலரும் அறிந்த கதை. இதற்கு அடுத்த பகுதியைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

சிந்தாமணிச் சுவடியைக் கையில் எடுத்தால் சமண சமயச் சொற்கள் வழியை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. சமவசரணம், கணதரர் என்றால் எங்கள் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். சைவ நூல்களில் ஊறி வந்தவருக்குத் தெரிய நியாயமில்லை. ஐயர் கும்பகோணத்திலேயே இருந்த சமணர்களைத் தேடிப் போனார். சந்திரநாத செட்டியார் என்பவர் பழக்கமானார். ஐயர் போன நாளில் வீட்டில் அலங்காரம். என்ன விசேஷம் என்றால், வீடூர் அப்பாசாமி நயினார் சிந்தாமணிப் படனத்தை நிறைவு செய்த நாள் அது. ஏடு தேடி ஐயர் அலைந்த நூலை, ஒரு வீட்டில் உட்கார்ந்து படித்து முடித்துப் பூர்த்தி கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்!

அன்றுமுதல் ஐயம் எழுந்தபோதெல்லாம் ஐயர் அவர்களிடம் கேட்டார். அவர்களுக்கு அவையெல்லாம் அரிச்சுவடிக் கேள்விகள். "இதுகூடத் தெரியாமல் காவியம் பதிப்பிக்க வந்துவிட்டீரா?" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "எங்கள் சமய நூல் உமக்கு எதற்கு?" என்றும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 1887-இல் சீவக சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு அச்சில் வந்தது. அதன் பின்னே பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் அவர் கையால் வந்தன.

பெரிய புலவர் கேட்டார், பெரிய நூல் விளைந்தது. ஆனால் கேட்ட அன்றைக்கு அவர் தமிழ்த் தாத்தா அல்லர். இருபத்தைந்து வயது இளைஞர். எந்தக் கேள்வியிலிருந்து என்ன விளையும் என்று விடை சொல்லும்போது யாருக்கும் தெரிவதில்லை. எளிய கேள்வியோடு வருகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினால், இழந்தது என்ன என்பதுகூட நமக்குத் தெரியாமல் போய்விடும். எங்களைப் போன்ற சிறுபான்மை மரபுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். கேட்பார் இல்லாமல் போவதுதான் ஒரு மரபின் சாவு. கேட்கிறவரைக்கும் இருக்கிறோம்.

7. கேட்பவருக்கும் முறை உண்டு

இதற்காகக் கேட்பவருக்கு ஒரு கடமையும் இல்லை என்று சொல்லவில்லை. மாணாக்கரில் இல்லிக்குடம் என்று ஒன்றைச் சொல்லுகிறது நன்னூல்: ஓட்டைக் குடம், ஊற்ற ஊற்ற ஒழுகும். ஆடு ஒரு செடியில் முழுதாக மேயாமல் செடிக்குச் செடி தாவும். ஒருவரிடம் கேட்டு அவர் சொல்லி முடிக்குமுன் அடுத்தவரிடம் அதையே கேட்பவர் ஆடு. குளத்தைக் கலக்கிக் குடிப்பது எருமை. சண்டை பிடித்துக் கேட்பவர். நெய்யரி என்பது பன்னாடை. நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும்.

ஆகையால் கேட்க வருகிற அன்பர்களுக்கு மூன்று வேண்டுகோள். முதலாவது, சுவரில் ஒட்டியிருப்பதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, புரியாத இடத்தைக் காட்டிக் கேளுங்கள். இரண்டாவது, சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவதுதான் முக்கியம்: காரியம் முடிந்ததும் ஒரு நடை வந்து, என்ன நடந்தது என்று சொல்லிவிட்டுப் போங்கள். "அந்த அலுவலகம் மாடி மாறிவிட்டது" என்ற ஒரு வார்த்தை, உங்களுக்குப் பின்னால் வருகிற நூறு பேருக்கு உதவும். வினா கேட்டவர் விடையில் ஒரு பங்கு சேர்க்கும் முறை அது.

8. நம் மேசைக்குச் சில முறைகள்

சங்கத்தார் ஏற்பார்களாக என்ற நம்பிக்கையில், மேசையில் உட்காரும் அன்பர்களுக்கு என் சிறிய யோசனைகள்:

அடிக்கடி வரும் கேள்விகளை எழுதி வைப்போம். விடைக்குக் கீழே அது எந்த மாதம் சரிபார்க்கப்பட்டது என்றும் எழுதுவோம். தேதி இல்லாத விடை, எடை போடாத சரக்கு.

எழுதிய தாளை விடைக்குப் பதிலாக நீட்ட வேண்டாம். விடையோடு சேர்த்துக் கொடுப்போம். முதலில் முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை, பிறகு தாள். படிக்கத் தெரியாதவரும் வருகிறார்கள், மறக்க வேண்டாம்.

சொல்லுமுன் ஒரு கேள்வி திருப்பிக் கேட்போம்: "எதுக்காகக் கேக்கறீங்க?" அதட்டலாக அல்ல, மருத்துவர் கேட்பது போல.

சலிப்பு வந்தால் மேசையை விட்டு எழுந்து அடுத்தவரை உட்கார வைப்போம். சலிப்போடு சொல்லும் சரியான விடையும் காதில் ஏறுவதில்லை. ஒரே ஆள் வருஷக்கணக்கில் உட்காருவது அவருக்கும் நல்லதல்ல, கேட்பவருக்கும் நல்லதல்ல.

போன வருஷம் கேட்க வந்தவரை இந்த வருஷம் மேசையில் உட்கார வைப்போம். எங்கே தடுக்கும் என்று அவருக்குத்தான் நன்றாக நினைவிருக்கும். பவணந்தியார் சொன்ன அந்த அரைப் பங்கு அறிவும் அவருக்குச் சேரட்டும்.

பக்கத்தில் நிற்பவர்கள் சிரிக்கக் கூடாது. கேட்டவர் வாயை அடைப்பது பெரும்பாலும் விடை சொன்னவர் கோபம் அல்ல, சுற்றி நின்றவர்களின் சிரிப்பு.

தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரைச் சுட்டிக் காட்டுவோம். சுட்டு என்பது எட்டு விடைகளில் முதலாவது அல்லவா!

சென்ற ஆடியில் ஒரு புதிய தம்பி கடைக்கு வந்து குக்கர் வாங்கினான். பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு, "அய்யா, நீங்க சேட்டா?" என்றான். "இல்லை தம்பி, உட்காரு. உனக்கு எந்த ஊர்?" என்றேன். வந்தவாசிப் பக்கம் என்றான். பொன்னூர் மலை தெரியுமா என்றேன். சின்ன வயதில் ஏறியிருக்கிறானாம். மேலே இருக்கும் பாதம் யாருடையது என்று தெரியாதாம். குந்தகுந்தர் என்ற எலாசாரியருடையது என்று எங்கள் மரபு சொல்வதை எடுத்துச் சொன்னேன். அந்தக் கேள்வியை எத்தனையாவது தடவையாக நான் கேட்டேன் என்று அவனுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அங்கே அவன் வழக்கமான ஏழு கேள்வியையும் கேட்பான். அன்பர்கள் முதல் தடவை கேட்பது போலக் கேட்டு, விடை சொல்லும்படி வேண்டிக்கொள்கிறேன்.